தினமும் என்ன சொல்வது? கூமாப்பட்டி ரீல்ஸும் சிவகாசிக் காலண்டரும்

சின்ன வியாபாரிகளுக்கு இன்றைக்கு இலவசமாகக் கிடைக்கிற அறிவுரைகளில் முதல் இடம் இதற்குத்தான்: "தொடர்ந்து போடுங்கண்ணே. தினம் ஒண்ணு போட்டாத்தான் ஆளுங்க கண்ணுல படும்." பால்கோவா கடைக்காரர், தேங்காய் மண்டிக்காரர், மாந்தோப்பு குத்தகைக்காரர், நாட்டு மருந்துக் கடைக்காரர் என்று எல்லாருக்கும் ஒரே அறிவுரை. சொல்பவர் பெரும்பாலும் கடைக்காரரின் அக்கா மகனாக இருப்பார். இல்லையென்றால் மாசம் இத்தனை ரூபாய்க்கு இத்தனை போஸ்டர் என்று பேக்கேஜ் விற்பவராக இருப்பார்.

அதற்கப்புறம் நடப்பதை நானும் சில வருஷமாகக் கவனித்துக்கொண்டு வருகிறேன். கிட்டத்தட்ட எல்லாக் கடைக்கும் ஒரே கதைதான். முதல் வாரம் கடையின் முகப்பு, அடுப்பு, தட்டில் பண்டம் என்று படங்கள் வரும். இரண்டாம் வாரம் அதே தட்டு வேறு கோணத்தில். மூன்றாம் வாரத்தில் சொல்ல ஒன்றும் இருக்காது, 'இனிய காலை வணக்கம்' ஆரம்பிக்கும். அப்புறம் ஆடி வெள்ளி வாழ்த்து, சுதந்திர தின வாழ்த்து, விநாயகர் சதுர்த்தி வாழ்த்து. ஆயுத பூஜை வாழ்த்தோடு கணக்கு நின்றுவிடும். அடுத்த வருஷம் நீங்கள் போய்ப் பார்த்தாலும் அந்தப் பொரி கடலைப் படம்தான் மேலே நிற்கும்.

இதைச் சோம்பேறித்தனம் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. விடிகாலையில் பாலை வாங்கி, அடுப்பைப் பற்றவைத்து, மதியம் வரை துடுப்பால் கிண்டிக்கொண்டே இருக்கிற ஆளைப் பார்த்து 'உங்களிடம் தொடர்ச்சி இல்லை' என்று எந்த வாயால் சொல்வது? அவருடைய தொழிலே தொடர்ச்சிதான். கோளாறு வேறு இடத்தில் இருக்கிறது. 'எத்தனை நாளைக்கு ஒரு தடவை சொல்வது' என்று கேட்பதற்கு முன்னால் 'நம்ம தொழிலில் நாளுக்கு நாள் மாறுவது எது' என்று கேட்டிருக்க வேண்டும். அதை யாரும் கேட்பதில்லை. மாறாத ஒன்றைத் தினமும் சொல்லச் சொன்னால் காலை வணக்கத்தில்தான் போய் முடியும்.

இதை யோசிக்க எங்கள் பக்கத்திலேயே இரண்டு நல்ல உதாரணங்கள் இருக்கின்றன. ஒன்று எல்லாருக்கும் தெரிந்த கூமாப்பட்டி. இன்னொன்று எல்லார் வீட்டுச் சுவரிலும் தொங்குகிற, அதனாலேயே யாரும் கவனிக்காத தினசரி காலண்டர்.

கூமாப்பட்டியை முதலில் எடுத்துக்கொள்வோம். விருதுநகர் மாவட்டம், வத்திராயிருப்பு வட்டம், மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரம். நெல், தென்னை, மா. பக்கத்தில் பிளவக்கல் அணை என்று மொத்தமாகச் சொல்லப்படுகிற பெரியாறு, கோவிலாறு என்ற இரண்டு அணைகள். (இந்தப் பெரியாறுக்கும் முல்லைப் பெரியாறுக்கும் சம்பந்தமில்லை. வெளியூர்க்காரர்கள் கட்டாயம் குழம்புவார்கள்.) 2025 ஜூன் வரைக்கும் வத்திராயிருப்பைத் தாண்டினால் இந்த ஊர்ப் பெயரைச் சொல்லிப் புரியவைக்க ரெண்டு வாக்கியம் தேவைப்பட்டது. அந்த ஜூனில் ஊர்க்கார இளைஞர் ஒருவர் தண்ணீருக்குள் நின்றுகொண்டு 'ஏங்க' என்று கூப்பிட்டுத் தன் ஊருக்கு அழைத்த ரீல்ஸ் தமிழ்நாடு முழுக்கப் பரவியது. அடுத்த சில நாளில் காரும் பைக்குமாக ஜனம் கிளம்பி வந்துவிட்டது.

ஒரு விளம்பரமாக அந்த ரீல்ஸைப் பார்த்தால் அதில் நிஜமாகவே ஒரு திறமை இருக்கிறது. விளம்பரக் கம்பெனி எதுவும் எழுதித் தர முடியாத குரல் அது. 'ஏங்க' என்பது வீட்டுக்குள் கூப்பிடுகிற சொல், அதைத் தெருவுக்குக் கொண்டுவந்து முன்பின் தெரியாத லட்சம் பேரை நோக்கிப் பேசியது பெரிய விஷயம். மனசு சரியில்லையா, இங்க வாங்க என்று சொல்லும்போது அந்த ஆளிடம் விற்பனைச் சிரிப்பு இல்லை, ஊர்ப் பெருமைதான் இருந்தது. அதை மட்டமாகப் பேசியவர்களை நான் ரசிக்கவில்லை.

ஆனால் அந்தக் குரல் சொல்லாமல் விட்டது என்ன? இன்றைக்குத் தண்ணீர் இருக்கிறதா, எங்கே இறங்கலாம், எங்கே இறங்கக் கூடாது, எது பொதுப்பணித் துறை இடம், எங்கிருந்து வனத்துறை எல்லை ஆரம்பிக்கிறது என்று எதுவும் இல்லை. மலைப்பக்கம் 2021 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலைப் புலிகள் காப்பகத்தில் சேர்ந்தது, நினைத்த இடத்தில் நுழைகிற காடு அல்ல. வந்தவர்கள் அணைக்குப் போய் நின்றபோது உள்ளே போகவோ குளிக்கவோ அனுமதி இல்லை என்று அதிகாரிகள் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியதாயிற்று. திரும்பிப் போனவர்களில் பலர் 'ஏமாத்திட்டாங்க' என்று தங்கள் பங்குக்கு ஒரு ரீல் போட்டார்கள். ஊரின் பெயர் ஏறிய வேகத்திலேயே கேலியும் ஏறியது. பின்னால் அணைப் பூங்காவைச் சீரமைக்க அரசு 10 கோடி ரூபாய் ஒதுக்குகிறது என்று செய்தி வந்தது. அது நல்லதுதான். ஆனால் அந்த ஜூன் மாதக் கூட்டத்தை நம்பி இளநீரை இறக்கிவைத்தவர்களுக்கும் இட்லிக்கு இரண்டு மடங்கு மாவு ஆட்டியவர்களுக்கும் அது பதில் ஆகாது.

ரீல்ஸ் கூப்பிட்டது. வந்த ஆளிடம் அடுத்த நாள் பேச அதற்கு ஒன்றும் இருக்கவில்லை. இது அந்தப் பையனின் குறை இல்லை, அவர் வேலை அது இல்லை. அந்த அழைப்பைப் பிடித்துக்கொண்டு அடுத்த வாக்கியத்தைச் சொல்ல ஊரில் ஒரு கடை, ஒரு தங்கும் விடுதி, ஒரு வண்டிக்காரர் தயாராக இருந்திருந்தால் கதை வேறு மாதிரி போயிருக்கும்.

இனி காலண்டர். கூமாப்பட்டியிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் வழியாகக் கிழக்கே போனால் சிவகாசி. தீப்பெட்டிக்கு லேபிள் ஒட்ட வேண்டியிருந்ததால் அச்சுக்கலை வந்து சேர்ந்த ஊர். 1920களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு வந்த கதையை இந்தப் பக்கத்தில் சின்னப் பிள்ளைகளும் சொல்லும். லேபிளில் ஆரம்பித்த அச்சு டைரி, நோட்டு, காலண்டர் என்று கிளைவிட்டது. ஆடி மாதம் பதினெட்டாம் பெருக்கன்று அடுத்த வருஷத்துக் காலண்டர் ஆல்பத்தை வெளியிடுவது அங்கே வழக்கம். ஊரெல்லாம் ஆற்றங்கரையில் சித்ரான்னம் சாப்பிடுகிற நாளில் சிவகாசிக்காரர்கள் அடுத்த ஜனவரியை விற்க ஆரம்பித்துவிடுவார்கள்.

ஒரு பலசரக்குக் கடை அண்ணாச்சி 500 தினசரி காலண்டருக்கு ஆர்டர் கொடுக்கிறார் என்று வையுங்கள். அட்டையில் முருகனோ மாதாவோ மக்காவோ, கீழே கடைப் பெயர், போன் நம்பர். அதில் 365 தாள். 500ஐ 365ஆல் பெருக்கினால் 1,82,500 தாள். அவ்வளவு தடவை அண்ணாச்சியின் பெயருக்குக் கீழே ஒரு புதுத் தாள் தெரியப்போகிறது, அண்ணாச்சி ஒரு வரி கூட எழுதாமல். இன்றைய சோசியல் மீடியா ஆலோசகர்கள் யாராவது இந்தக் கணக்குக்குப் பக்கத்தில் வர முடியுமா என்று தெரியவில்லை.

நான் மென்பொருள்காரன் என்பதால் அந்தத் தாளை ஒரு நாள் உட்கார்ந்து பிரித்துப் பார்த்தேன். அதில் மூன்று விதமான தகவல் கலந்திருக்கிறது. முதலாவது நிஜமாகவே தினமும் மாறுவது: திதி, நட்சத்திரம், யாருக்குச் சந்திராஷ்டமம், பிறை எத்தனை. இரண்டாவது வாரம் திரும்பத் திரும்ப வருவது. ராகு காலம் அதற்கு நல்ல உதாரணம். திங்கள் என்றால் 7.30 முதல் 9, வெள்ளி என்றால் 10.30 முதல் 12. மொத்தமே ஏழு வரி அட்டவணை. ஒரு தடவை மனப்பாடம் செய்தால் ஆயுசுக்கும் போதும். இருந்தும் ஜனம் தினமும் எட்டிப் பார்க்கிறது. மூன்றாவது சும்மா நிரப்பி: ராசிக்கு ஒரு சொல் வீதம் வரவு, செலவு, அலைச்சல், நட்பு, சுகம். பின்பக்கம் பல்வலிக்குக் கிராம்பு.

இரண்டாவது வகைதான் எனக்குச் சுவாரசியம். ஏழே வரி என்று தெரிந்தும் ஏன் பார்க்கிறோம்? பார்க்க வேண்டிய வேலை அன்றைக்கு இருப்பதால்தான். பெண் பார்க்கக் கிளம்புகிறோம், முன்பணம் கொடுக்கப் போகிறோம், புது வண்டி எடுக்கப் போகிறோம். தகவல் புதுசா பழசா என்பது பார்க்கிற ஆளுக்குப் பொருட்டே இல்லை. 'இன்னைக்கு' என்ற கேள்வியோடு வருகிறான், சுவரில் பதில் இருக்கிறது, பதிலுக்கு மேலே கடைப் பெயர் இருக்கிறது. ராகு காலத்தை நம்புவதா என்பது வேறு விவாதம். சுவரில் மாட்டியவர் நம்பிக்கைக்காரரா என்பதைக் காலண்டர் கேட்பதில்லை.

குறை சொல்லவும் நிறைய இருக்கிறது. அண்ணாச்சி காலண்டரின் உள்ளே இருக்கிற தாள்கட்டும் எதிர்த்த கடைக் காலண்டரின் தாள்கட்டும் ஒன்றாகவே இருக்கலாம். உள்ளடக்கம் ஒன்று, பெயர் மட்டும் நூறு. அதைப் படித்து அண்ணாச்சியின் பருப்பு எப்படி, எடை சரியா என்று எவனும் தெரிந்துகொள்ள முடியாது. அது ஞாபகப்படுத்தும், அவ்வளவுதான். நம்பிக்கையைச் சம்பாதித்துத் தராது. காலண்டர் வாங்க வருகிறவனின் முகம் பார்த்து 'உங்களுக்கு இல்லாததா தம்பி' என்று உள்ளேயிருந்து ஒன்றை எடுத்துக் கொடுப்பாரே, அந்த நிமிஷம்தான் நம்பிக்கையைச் சம்பாதிக்கிறது. டிசம்பர் கடைசியில் பல கடைகளில் இந்த நாடகம் நடக்கும். முகம் தெரியாதவர் கேட்டால் 'தீர்ந்துபோச்சே' என்று பதில் வரும். கல்லாவுக்குப் பின்னால் கட்டு தெரிந்துகொண்டே இருக்கும்.

எங்கள் தொழிலில் எழுத்தை இரண்டாகப் பிரிப்போம். ஒன்று டாக்குமென்டேஷன்: இந்த மென்பொருள் என்ன செய்யும், எப்படி நிறுவுவது, எங்கே உதைக்கும். ஒரு தடவை ஒழுங்காக எழுதிவைத்துவிட்டு, மாறினால் மட்டும் திருத்துவது. இன்னொன்று லாக்: இத்தனை மணிக்கு இது நடந்தது. அது தானாக ஓடிக்கொண்டே இருக்கும், அழகு தேவையில்லை, நேரமும் உண்மையும் போதும். இரண்டையும் குழப்பிக்கொண்ட டீமில் வேலை பார்ப்பது நரகம். டாக்குமென்டேஷனைத் தினமும் எழுதச் சொல்லுவார்கள், லாக்கை வருஷத்துக்கு ஒரு தடவை அழகாக அச்சடிப்பார்கள். சின்ன வியாபாரிக்குச் சொல்லப்படுகிற 'தொடர்ந்து போடு' என்பதும் இந்தக் குழப்பம்தான் என்று எனக்குப் படுகிறது.

நிற்கிற எழுத்துக்கு அமெரிக்காவில் ஒரு பிரபலமான கதை உண்டு. வர்ஜீனியாவில் நீச்சல் குளம் போட்டுக்கொடுக்கிற ரிவர் பூல்ஸ் என்ற சின்னக் கம்பெனி. 2008 பொருளாதாரச் சரிவில் குளம் கட்ட ஆளில்லாமல் மூடுகிற நிலைக்கு வந்தது. பங்குதாரர்களில் ஒருவரான மார்கஸ் ஷெரிடன், 2009இல் ஒரு காரியம் செய்தார். வாடிக்கையாளர்கள் அத்தனை வருஷமாகத் தன்னிடம் கேட்ட கேள்விகளை எல்லாம் எழுதிவைத்து ஒவ்வொன்றுக்கும் இணையத்தில் பதில் எழுத ஆரம்பித்தார். என்ன செலவாகும்? ஃபைபர் கிளாஸ் குளத்தில் என்ன பிரச்சினை வரும்? அந்தத் தொழிலில் யாரும் வெளியே சொல்லாத விஷயங்கள் இவை. எங்கள் வட்டாரத்தில் நல்ல குளம் கட்டுகிறவர்கள் யார் என்று ஒரு பட்டியலும் போட்டார், அதில் தன் கம்பெனியைச் சேர்க்கவில்லை. கம்பெனி பிழைத்துக்கொண்டது. 2017இல் அதைப் புத்தகமாகவும் எழுதினார், இப்போது அதைச் சொல்லிக்கொடுப்பதே அவர் தொழிலாகிவிட்டது.

இந்தக் கதையை நம்மூர் ஆலோசகர்களும் சொல்கிறார்கள். ஆனால் எடுத்துக்கொள்வது 'வாரத்துக்கு ரெண்டு மூணு எழுதினார்' என்ற பகுதியை மட்டும்தான். அவர் எழுதியதன் பலம் எண்ணிக்கையில் இல்லை, விலையைச் சொன்னதில் இருக்கிறது. இன்னொன்று, அந்த மாதிரிக் கேள்விகளுக்கு ஒரு முடிவு உண்டு. ஒரு பால்கோவா கடையிடம் ஜனம் கேட்கிற கேள்வி மொத்தம் எத்தனை இருக்கும்? பத்துப் பதினைந்து. எழுதி முடித்தால் முடிந்தது. முடிந்த பிறகும் 'தினமும் போடு' என்றால் அதே பதிலைத் தண்ணீர் கலந்து ஊற்றத்தான் வேண்டும்.

நம்ம பக்கத்தில் யாரும் எழுதாத ஒரு பதிலைச் சொல்கிறேன். ராஜபாளையம் நாய். 2005இல் இந்தியத் தபால் துறை நாலு இந்திய நாயினங்களுக்குத் தபால்தலை வெளியிட்டது, அதில் இதுவும் ஒன்று. முழு வெள்ளை உடம்பு, இளஞ்சிவப்பு மூக்கு. இந்த வெள்ளை இனத்தில் காது கேளாத குட்டிகள் பிறப்பதுண்டு. வாங்க வருகிறவன் மனசில் இருக்கிற முதல் கேள்வி 'கலப்பு இல்லாததா?', இரண்டாவது, விஷயம் தெரிந்தவனாக இருந்தால், 'காது கேக்குமா?'. குட்டி விற்பவர்களின் பக்கங்களில் கம்பீரம், வீரம், பாளையக்காரர் காலம் எல்லாம் இருக்கும். காதைப் பற்றி ஒரு வரி தேடினாலும் கிடைப்பது கஷ்டம். ஒருவர், ஒரே ஒருவர், 'எங்களிடம் குட்டி எடுப்பதற்கு முன் அதற்குப் பின்னால் நின்று கைதட்டிப் பாருங்கள். திரும்பவில்லை என்றால் எடுக்காதீர்கள். எந்த வயதில், எப்படிச் சோதிப்பது என்று கீழே எழுதியிருக்கிறோம்' என்று எழுதட்டும். அப்புறம் ரெண்டு வருஷம் அவர் ஒன்றுமே எழுதாவிட்டாலும் பரவாயில்லை என்பேன்.

ஓடுகிற எழுத்துக்கு வருவோம். இதில்தான் எங்கள் வட்டாரம் பணக்கார வட்டாரம், அது இங்கே யாருக்கும் உறைக்கவில்லை. மலையடிவாரத்து வியாபாரம் முழுக்க 'இன்றைக்கு' என்ற ஒரு சொல்லில் தொங்குகிறது. தாணிப்பாறையில் இன்று சதுரகிரி ஏற அனுமதி உண்டா? மழை என்றால் வனத்துறை நிறுத்திவிடும். நிறுத்தவும் வேண்டும், 2015 மே மாதம் சதுரகிரியில் திடீர் வெள்ளம் பக்தர்களின் உயிரைக் குடித்தது. இந்த ஒரு வரி தெரியாமல் அமாவாசைக்கு மதுரையிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் குடும்பத்தோடு வண்டி பிடித்து வந்து அடிவாரத்தில் சூடம் ஏற்றிவிட்டுத் திரும்புகிறவர்கள் எத்தனை பேர். அங்கே சாப்பாட்டுக் கடையோ வாகன நிறுத்தமோ வைத்திருப்பவர் தினமும் காலை ஆறு மணிக்கு 'இன்று அனுமதி உண்டு' அல்லது 'இன்று இல்லை' என்று மட்டும் போட்டால் போதும். படம் வேண்டாம், பாட்டு வேண்டாம். கடைப் பெயரை யாரும் மறக்க மாட்டார்கள். ஆனால் ஒரு நாள் தப்பாகப் போட்டாலும், போட மறந்தாலும் அந்த நம்பிக்கை போய்விடும். காலை வணக்கத்துக்கு அந்த ஆபத்து இல்லை. அதனால்தான் அது சுலபமாகவும் இருக்கிறது, யாருக்கும் வேண்டாததாகவும் இருக்கிறது.

மாம்பழமும் அப்படித்தான். ராஜபாளையம் பக்கத்துச் சப்பட்டை சென்னைக்குப் போய்விட்ட எங்களைப் போன்றவர்களுக்கு வருஷத்தில் சில வாரம் மட்டும் கிடைக்கிற பண்டம். எனக்குத் தோப்புக்காரரிடமிருந்து தெரிய வேண்டியது 'மாம்பழம் இயற்கையின் கொடை' என்ற கட்டுரை இல்லை. பறிப்பு ஆரம்பித்தாச்சா, இந்த வருஷம் காய்ப்பு எப்படி, புகைபோட்டுப் பழுத்ததா வைக்கோலில் பழுத்ததா, எப்போது தீரும். வருஷத்தில் பத்து மாதம் அவர் பேசாமல் இருக்கலாம். இருக்கவும் வேண்டும். தென்னை இருக்கிறது, வேலை இருக்கிறது. பருவத்தில் மட்டும் பேசுகிற வியாபாரியைத் 'தொடர்ச்சி இல்லாதவர்' என்று சொல்வது மாமரத்தையே அப்படிச் சொல்வது மாதிரி.

பால்கோவாவுக்கு மாறுவது என்ன இருக்கிறது என்று கேட்கலாம். 2019இல் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. கிடைத்ததிலிருந்து எல்லாருடைய பெட்டியிலும் அந்தப் பெருமைதான். பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆண்டாள் கோவில் தேரடி வரைக்கும் எந்தக் கடையைக் கேட்டாலும் 'ஒரிஜினல் நாங்கதான்'. பாலும் சீனியும் மட்டுமே சேர்ந்த பண்டத்தில் எல்லாரும் ஒரிஜினல் என்றால் அந்தச் சொல்லுக்குப் பொருள் போய்விடுகிறது. ஆனால் மாறுகிற ஒன்று உண்டு: எப்போது இறக்கியது என்பது. நாள்பட வைத்துச் சாப்பிடுகிற பண்டமில்லை அது. 'இன்று காலை இறக்கியது, மதியம் ஒரு அடுப்பு, அவ்வளவுதான்' என்று ஒரு சிலேட்டில் எழுதிக் கடை வாசலில் வைத்து, அதையே போட்டோ எடுத்துப் போடுகிற கடைக்காரர் அந்தப் புவிசார் குறியீட்டு முத்திரையைவிட ஒரு படி மேலான தகவலைச் சொல்கிறார். சாயங்காலம் 'தீர்ந்துவிட்டது' என்று போடுவதும் தகவல்தான். இன்னும் சொன்னால் அதுதான் சிறந்த விளம்பரம்.

பண்டத்தில் மாற்றமே இல்லாவிட்டால்? வெண்ணெய் தினமும் வெண்ணெய்தானே. அமுல் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தது. 1966இல் சில்வெஸ்டர் டகுன்யாவின் குழு அந்தப் புள்ளிச் சட்டைப் பெண்ணை உருவாக்கியது, வரைந்தவர் யூஸ்டஸ் பெர்னாண்டஸ். தட்டியில் பெண் மாறவில்லை, வெண்ணெய் மாறவில்லை, பக்கத்தில் நடக்கிற நாட்டு நடப்பு மட்டும் மாறியது. காலண்டர் சந்திரனிடம் மாற்றத்தைக் கடன் வாங்கியது, அமுல் நாளிதழிடம் வாங்கியது. ஆறு பத்தாண்டாக ஓடுகிறது. இதைப் பார்த்து நம்மூர் நகைக்கடையும் ஜவுளிக்கடையும் கிரிக்கெட் ஜெயித்த அன்று வாழ்த்துப் போஸ்டர் போடுவது எனக்குச் சிரிப்பாக வரும். அமுலின் பின்னால் சிலேடை எழுதத் தெரிந்த கூட்டம் ஒன்று அந்த வேலையாகவே உட்கார்ந்திருக்கிறது. கல்லாவில் உட்கார்ந்தபடி அதைச் செய்ய முடியாது. செய்யவும் வேண்டியதில்லை.

சின்ன ஆட்களால் முடிந்த வேறு ஒரு வழியும் இருக்கிறது. புதுக்கோட்டை மாவட்டம் சின்ன வீரமங்கலத்திலிருந்து ஒரு தாத்தாவும் பேரன்களும் 2018இல் ஆரம்பித்த வில்லேஜ் குக்கிங் சேனல். 2021இல் ஒரு கோடி சந்தாதாரர்களைத் தொட்டார்கள், தமிழில் அந்த எண்ணைத் தொட்ட முதல் சேனல். ரெண்டு வீடியோவை அடுத்தடுத்துப் பாருங்கள். அதே வயல்வெளி, அதே வெள்ளைச் சட்டை, பொருளை ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டி அதன் பெயரை உரக்கச் சொல்கிற அதே முறை, கடைசியில் ஊர்ப் பெரியவர்களுக்குப் பந்தி. மாறுவது சட்டியில் இருப்பது மட்டும். ஒவ்வொரு தடவையும் புதுசாக யோசிக்க வேண்டிய சுமையை முதலிலேயே இறக்கிவைத்துவிட்டார்கள். தெருக்கூத்துக்கும் இதுதான் இலக்கணம் என்று தோன்றுகிறது, கட்டியங்காரன் வருவது எப்போதும் ஒரே மாதிரிதான். கூமாப்பட்டி ரீல்ஸுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தை ஒருவர் பொறுமையாக எழுதலாம். ஒன்றில் ஒரு குரல் இருந்தது, இன்னொன்றில் ஒரு முறையும் இருந்தது.

இப்போது இன்னொரு தொல்லை வந்திருக்கிறது. இயந்திரமே எழுதித் தருகிறது. முப்பது நாளுக்கு முப்பது பதிவு கேட்டால் அரை நிமிஷத்தில் கொட்டிவிடுகிறது. 'இன்றைய வேகமான உலகில் பாரம்பரிய சுவையைத் தேடும் உங்களுக்காக' என்று ஆரம்பிக்கிற பதிவைப் போன மாதம் மட்டும் மூன்று ஊர்க் கடைகளில் பார்த்தேன். ஒன்று பால்கோவா, ஒன்று முறுக்கு, இன்னொன்று, சத்தியமாக, பெயின்ட் கடை. என் பிழைப்பே கணினிதான், இதன் மேல் எனக்கு வெறுப்பு எதுவும் இல்லை. கேள்வி பதிலைக் கோர்வையாக எழுத அது உதவட்டும். ஆனால் இன்றைக்குக் காலை அடுப்பை எத்தனை மணிக்கு இறக்கினீர்கள் என்பது அதற்குத் தெரியாது. மலையேற அனுமதி உண்டா என்பது தெரியாது. தெரியாததைத் தெரிந்த மாதிரி எழுதுகிற பழக்கம் வேறு அதற்கு உண்டு. தினசரி காலண்டரின் ராசிபலன் பகுதியை முழுநேர வேலையாக எடுத்துக்கொண்ட மாதிரி.

கூமாப்பட்டிக்கே திரும்பினால், அங்கே எழுதப்படாமல் கிடக்கிற இரண்டு விஷயமும் சின்னதுதான். நிற்கிற எழுத்து ஒரு பக்கம்: எந்த பஸ், வத்திராயிருப்பிலிருந்து எவ்வளவு நேரம், எது தனியார் தோப்பு, யாரிடம் கேட்டு உள்ளே போகணும், அணையில் எதற்கு அனுமதி, பெண்கள் உடை மாற்ற இடம் உண்டா, சாப்பாட்டுக்கு முன்கூட்டியே சொல்லணுமா. ஓடுகிற எழுத்து ஒரு வரி: இன்றைய நீர்மட்டம். பெரியாறு அணையின் முழு அளவு 47 அடிச் சொச்சம். மழைக்காலத்தில் அதில் இன்று எத்தனை அடி என்பது நாளிதழ்களின் மாவட்டப் பக்கத்தில் வருகிறது, விவசாயிகள் அதைப் பார்த்துத்தான் நாற்றங்காலைப் பற்றி யோசிக்கிறார்கள். அந்த ஒரு எண்ணை எடுத்து, 'தண்ணீர் குறைவு, இந்த வாரம் வராதீங்க, அடுத்த மழைக்குச் சொல்றேன்' என்று ஒரு டீக்கடைக்காரர் போட்டால், வராமல் போனவன் அந்த டீக்கடையைத் தேடிக்கொண்டு வருவான் என்பது என் கணக்கு. நான் பார்த்த வரைக்கும் இதை இதுவரை யாரும் போடவில்லை. 'ஏங்க' என்று ஆரம்பிக்கிற பதிவுகள் மட்டும் இன்னும் வந்துகொண்டிருக்கின்றன, பெரும்பாலும் கூமாப்பட்டியைப் பார்க்காதவர்களிடமிருந்து.